பன்னிரண்டு வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்? – காரில் சூடாகும் சீட் பற்றி ஒரு பாடம்

கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் ராமநவமித் தேர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் ஓட்டுகிறார். பக்கத்து சீட்டில் அவருடைய அம்மா. வயது 68, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இடுப்பு வலிக்கு நல்லது என்று பேரன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த மசாஜ் மெத்தை அவர் சீட்டின் மேல் விரித்திருக்கிறது. ஒயர் சிகரெட் லைட்டர் துளைக்குப் போகிறது. வெளியே பங்குனி வெயில், உள்ளே ஏ.சி. ஜிலுஜிலு. மெத்தையில் ‘ஹீட்’ பொத்தானை அழுத்தினால் இடுப்புக்கு இதமாக இருக்கிறது.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் மகன் கேட்கிறார்: “அம்மா, ரொம்ப சூடா இருந்தா சொல்லும்மா.”

“சூடெல்லாம் ஒண்ணும் தெரியலப்பா.”

அரியலூர் வந்து, அங்கிருந்து கல்லங்குறிச்சிக்குத் திரும்பி, கோயில் வாசலில் இறங்கும்போது தொடையின் பின்பக்கம் புடவை ஒட்டுகிறது. கொப்புளம். அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. ‘சூடு இல்லை’ என்பதும் ‘சூடு தெரியவில்லை’ என்பதும் வேறு வேறு என்பதை வண்டியில் யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இது கற்பனைக் குடும்பம். ஆனால் இதே மாதிரிப் புண்களை வைத்துத்தான் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் தீக்காய மருத்துவர்களும் வாகனப் பாதுகாப்பு ஆர்வலர்களும் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் போனார்கள். குளிர் நாடுகளில் காரின் சீட்டுக்குள்ளேயே கம்பனி சூடாக்கி வைத்துக் கொடுக்கிறது. தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்களும், சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவர்களும் அந்த சீட்டில் உட்கார்ந்து ஆழமான தீக்காயத்தோடு மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது இரண்டே விஷயம்: சூட்டுக்கு ஒரு மேல்வரம்பு, குறிப்பிட்ட நேரத்தில் தானாக அணையும் ஏற்பாடு.

நம்ம அரியலூர் பக்கம் சீட்டைச் சூடாக்க வேண்டிய அவசியம் என்ன என்று நீங்கள் சிரிக்கலாம். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் இருக்கிற மண். வெயில் நேரத்தில் நிறுத்திய காரின் சீட்டைத் தொடவே முடியாது. ஆனாலும் சூடாகும் சீட் நம்மிடம் மூன்று வழியாக வருகிறது. வட மாநிலங்களிலிருந்து வாங்கிவரும் பழைய சொகுசுக் கார்களில் அது ஏற்கெனவே இருக்கும். புதிய விலை உயர்ந்த கார்களில் வரும். மூன்றாவதுதான் அதிகம்: இடுப்பு வலிக்கென்று விற்கும் சூடு தரும் மெத்தைகள். நாள் முழுக்க ஓட்டும் டாக்ஸிக்காரரும் லாரிக்காரரும் இதை விரும்பி வாங்குகிறார்கள். அவர்கள் இடுப்பு படும் பாட்டுக்கு வாங்குவதில் தப்பும் சொல்ல முடியாது.

தோலுக்கு ஒரு கணக்கு

சூட்டுக் காயம் என்றால் அடுப்பும் கொதிக்கிற எண்ணெயும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தோலுக்கு எத்தனை டிகிரி என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்தே கணக்கு. 60 டிகிரி செல்சியஸ் என்றால் சில விநாடியே போதும். 44 டிகிரி என்றால் ஆறு மணி நேரம் போல ஆகும். 44 டிகிரி கையில் தொட்டால் வெறும் வெதுவெதுப்புதான். நல்ல உணர்வு உள்ளவர் நடுவிலேயே நெளிந்து உட்காருவார், பொத்தானை அணைப்பார். உணர்வு குறைந்தவர் நெளியமாட்டார். உட்கார்ந்திருக்கும் எடையில் அந்த இடத்து ரத்த ஓட்டமும் குறைந்துவிடுவதால், வந்த சூடு கலைந்து போக வழியும் இல்லை.

ஆகவே ரொம்ப நாள் சர்க்கரை உள்ளவர், பக்கவாதம் வந்தவர், தண்டுவடக் காயம் உள்ளவர், தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு பயணம் செய்கிறவர், பேச்சு வராத குழந்தை – இவர்களுக்குச் சூடு தரும் மெத்தை வேண்டவே வேண்டாம். ‘லோ’வில் வைத்தால் பரவாயில்லையா என்று கேட்காதீர்கள். மற்றவர்களும் பத்து பதினைந்து நிமிடத்தில் அணைத்துவிடுவது நல்லது. வீட்டில் சர்க்கரை உள்ளவருக்குக் கால் உணர்வு எப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால், அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது மருத்துவரிடம் கேளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சின்னச் சோதனைதான், வலிக்காது.

காயம் பட்டுவிட்டால் ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மஞ்சள், நெய், டூத்பேஸ்ட், இங்க் எதுவும் தடவ வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர் என்றால் காயம் ஒரு ரூபாய் நாணய அளவு இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

குறைந்த வோல்ட், கூடுதல் கரண்ட்

இனி ஒயர் விஷயம். “கார்ல வெறும் பன்னிரண்டு வோல்ட்தானே, ஷாக் அடிக்காது” என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வது சரிதான், ஷாக் அடிக்காது. ஆனால் காரில் பயம் ஷாக்கினால் அல்ல, சூட்டினால்.

ஒரு சின்னக் கணக்கு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பு இழுப்பது கால் ஆம்பியர் சொச்சம். அதே 60 வாட்டை காரில் 12 வோல்ட்டில் எடுத்தால் 5 ஆம்பியர். கிட்டத்தட்ட 19 மடங்கு. ஒயர் சூடாவது கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது ஒரே ஒயர் வழியாக இரண்டையும் அனுப்பினால், கார் மின்சாரம் அந்த ஒயரில் உண்டாக்கும் சூடு வீட்டு மின்சாரத்தைப் போல 350 மடங்குக்கும் மேல். வோல்ட் குறைந்தால் ஆபத்து குறையும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கு நேர் எதிர். அதனால்தான் காரில் ஒயர் தடிமனாக இருக்க வேண்டும், இணைப்பு இறுக்கமாக இருக்க வேண்டும்.

சீட்டுக்குள் இருக்கும் சூடாக்கி என்பது தோசைக்கல்லின் கீழே இருக்கும் காயில் போன்றதுதான். மெல்லியதாக, துணியில் தைத்தது. சீட்டுக்கு 50 முதல் 100 வாட் வரை எடுக்கும். கம்பனி சீட்டில் சூட்டை அளக்கும் சென்சார் ஒன்று உள்ளே இருக்கும், சூடு ஏறினால் அது கரண்ட்டைக் குறைக்கும். மலிவான மெத்தைகளில் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிரித்துப் பார்க்காமல் தெரியாது.

பிள்ளைகள் சீட்டில் முழங்காலிட்டு ஏறிப் பின்பக்கம் எட்டிப் பார்ப்பார்களே, அப்போது உள்ளே இருக்கும் கம்பி மடங்கி முறியும். கவர் நழுவாமல் இருக்க ஊக்கு குத்துவது இன்னும் மோசம். முறிந்த இடத்தில் கம்பி தொட்டும் தொடாமலும் இருந்தால் பொறி பறக்கும். மெத்தை மொத்தமும் ஆறியிருக்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் கொதிக்கும். சீட்டில் அரிசி அளவு பழுப்புப் புள்ளி தெரிந்தால் அதை டீக்கறை என்று விட்டுவிடாதீர்கள்.

பீஸ் போகவில்லை என்றால் பத்திரமா?

‘பீஸ் இருக்கு, ஏதாவது ஆனா அது போயிடும்’ என்ற நம்பிக்கை பாதிதான் சரி. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அதுவும் அளவுக்கு மேல் கரண்ட் போனால் மட்டும். லூஸ் கனெக்ஷனை அதற்குத் தெரியாது. சிகரெட் லைட்டர் துளையில் பிளக் ஆடுகிறது என்று வையுங்கள். அந்த முனையில் 0.2 ஓம் தடை இருந்தால், 5 ஆம்பியர் ஓடும்போது 5 வாட் சூடு ஊசிமுனை அளவு இடத்தில் உண்டாகும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும், கருகும். கரண்ட் கூடவில்லை, கொஞ்சம் குறைந்துகூட இருக்கும். ஃபியூஸ் பேசாமல் இருக்கும். அந்த அம்மாவின் தொடை மாதிரிதான் இதுவும்.

ஆகவே கைதான் நல்ல மீட்டர். மெத்தையைப் போட்டு கால் மணி நேரம் கழித்து பிளக்கை உருவி அதன் முனையையும் ஒயரையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். விரல் வைக்க முடியாத சூடு என்றால் மறுபடி செருகாதீர்கள்.

கார் ஃபியூஸுக்கு நிறமே அடையாளம். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. லைட்டர் துளையின் மூடியில் பல வண்டிகளில் 120 வாட் என்று அச்சிட்டிருக்கும். அதாவது 10 ஆம்பியர். அதில் ஒரு பங்குக் கருவியைச் செருகி இரண்டு மெத்தை, ஒரு போன் சார்ஜர், காற்றடிக்கும் பம்ப் எல்லாம் போட்டால் ஃபியூஸ் போகத்தான் செய்யும். போவது அதன் வேலை. அப்போது கடையில், “அண்ணே, முப்பது போட்டுடறேன், இனிமே போகாது” என்பார் தம்பி. உண்மைதான், இனிமேல் ஃபியூஸ் போகாது. அதற்குப் பதில் ஒயர் போகும், கம்பளத்துக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கும் பழைய வித்தை இதைவிட மோசம். சிவப்பு இருந்த இடத்தில் சிவப்புதான்.

லாரி ஓட்டுநர்களுக்குத் தனியாக ஒன்று. அரியலூர் சாலைகளில் சிமெண்டும் கல்லும் ஏற்றி ஓடும் கனரக லாரிகளில் இருப்பது 24 வோல்ட். 12 வோல்ட் மெத்தையை அதில் நேராகக் கொடுத்தால் கரண்ட் இரண்டு மடங்காகும், சூடு நான்கு மடங்காகும். 40 வாட் மெத்தை 160 வாட் அடுப்பாகிவிடும். பிளக் இரண்டிலும் ஒரே மாதிரி பொருந்துவதுதான் இதில் விஷமம். மெத்தையின் அடியில் ‘12 – 24 வோல்ட்’ என்று தெளிவாக அச்சிட்டிருந்தால் மட்டும் லாரியில் போடுங்கள். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்து 12 வோல்ட் எடுக்கும் பழக்கமும் இருக்கிறது. அதில் ஒரு பேட்டரி சீக்கிரம் இறங்கும், இன்னொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும்.

நடந்தவை

2010-ல் டாடா நானோ கார்கள் சில தீப்பற்றியபோது கம்பனி ஆராய்ந்து, பின்னால் பொருத்திய வேற்று மின்சாதனங்களும் புகைக்குழாய் மேல் கிடந்த வேற்றுப் பொருளும் காரணம் என்றது. ஆனாலும் விற்ற வண்டிகளுக்கு மின்சாரப் பகுதியிலும் புகைக்குழாயிலும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகச் செய்து கொடுத்தது.

2014 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் சூடாகும் சீட் உள்ள சில மாடல்களின் விற்பனையையே நிறுத்தியது. ஒயரில் குறை இல்லை. சூடாக்கிக்கு மேல் வரும் துணி, தீ பரவும் வேகத்துக்கான விதியில் தேறவில்லை என்பது தென்கொரியாவில் நடந்த சோதனையில் தெரியவந்தது. யாருக்கும் காயம் இல்லாதபோதே நிறுத்தினார்கள். நம் நாட்டிலும் காரின் உள்துணி எவ்வளவு எளிதில் எரியலாம் என்பதற்கு ஐ.எஸ். 15061 என்ற தரநிலை உண்டு. கம்பனி சீட் அதில் தேறித்தான் வரும். நாம் அதன் மேல் போடும் வெல்வெட் கவருக்கும் நுரை மெத்தைக்கும் அப்படி யார் சோதித்தார்கள்?

2023 பிப்ரவரி 2 அன்று கேரளத்தின் கண்ணூரில் பிரசவத்துக்கு மருத்துவமனை போய்க்கொண்டிருந்த கார் தீப்பற்றியது. முன்சீட்டில் இருந்த கணவனும் நிறைமாதக் கர்ப்பிணி மனைவியும் இறந்தார்கள். பின்சீட்டில் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள்; முன்கதவு திறக்கவில்லை. முதல் ஆய்வில் சந்தேகப்பட்டது மின் கசிவைத்தான். சூடாகும் சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே சொல்வதற்குக் காரணம், காருக்குள் தீ என்றால் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைவு என்று தெரியத்தான்.

பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் ஓரம் கட்டுங்கள், சாவியை அணையுங்கள், எல்லோரையும் இறக்குங்கள். மெத்தையை எடுக்கலாமா, பையை எடுக்கலாமா என்ற பேச்சே வேண்டாம். பின்கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது. வெளியே இருந்து நீங்கள்தான் திறக்க வேண்டும். கதவு திறக்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். முன் கண்ணாடி அடுக்குக் கண்ணாடி, லேசில் உடையாது. கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியலை டிக்கியில் வைத்தால் பயனில்லை, ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். புகை பானட்டிலிருந்து வந்தால் பானட்டைத் திறக்காதீர்கள், காற்று பட்டால் தீ எழும்பும். தள்ளி நின்று 112 அல்லது 101.

போனில் செய்ய வேண்டியவை

கம்பனி பொருத்திய சீட் என்றால் முதலில் உங்கள் வண்டிக்கு ‘ரீகால்’ அறிவிப்பு இருக்கிறதா பாருங்கள். எம்-பரிவாஹன் அல்லது டிஜிலாக்கரில் உங்கள் ஆர்.சி.யைத் திறந்தால் 17 எழுத்து கொண்ட சேசிஸ் எண் இருக்கும். அதைக் கம்பனியின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டால் பதில் வரும். ஒரு குறிப்பு: அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது. ‘ஓ’ மாதிரி தெரிந்தால் அது பூஜ்யம். இரண்டாம் கையாக வாங்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்; கடிதம் போட்டிருந்தாலும் அது பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

ரீகாலுக்குச் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவுப்படி, ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டியில் பாதுகாப்புக் குறை இருந்தால் உரிமையாளர் வாஹன் தளத்தில் புகார் பதியலாம். 2021 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஒரே மாடலுக்குப் புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டால் அரசே விசாரித்து ரீகாலுக்கு உத்தரவிடலாம். ‘நான் ஒருத்தன் சொல்லி என்ன ஆகப்போகுது’ என்று விட்டால் அந்த எண்ணிக்கையில் ஒன்று குறையும். நாமாக வாங்கிப் போட்ட மெத்தைக்கு இது பொருந்தாது.

மெத்தைக்கு நுகர்வோர் சட்டம். வாங்கும்போதே தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், எத்தனை வோல்ட், எத்தனை வாட் எல்லாம் அட்டையில் இருக்கிறதா பாருங்கள். பி.ஐ.எஸ். முத்திரை போட்டிருந்தால் அதன் எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டுங்கள். பொய் முத்திரை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. அதற்கும் அசையவில்லை என்றால் 1915. தமிழிலேயே பேசலாம். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் செய்யலாம்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், கம்பனி டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கல்லங்குறிச்சிக்காரர் என்றால் அரியலூரில் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் போனிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

இங்கே பலர் செய்யும் தப்பு, கருகிய மெத்தையைக் கோபத்தில் குப்பையில் எறிவது. எறியாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. ஆணையம் அதை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். பிரிக்காமல், ஒயரை வெட்டாமல், பிளக்கும் எரிந்த ஃபியூஸும் சேர்த்து ஒரு பையில் கட்டி வையுங்கள். கழற்றுவதற்கு முன் சீட்டில் இருக்கும் நிலையிலேயே போட்டோ எடுங்கள். ஆர்டர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்; விற்றவர் நாளைக்கே அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம். காயத்துக்கு மருத்துவமனை ஓ.பி. சீட்டில் ‘எதனால்’ என்ற இடத்தில் காரணத்தை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

இன்சூரன்ஸையும் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் உங்கள் கார் எரிந்ததற்கு ஒரு பைசா வராது. முழு பாலிசியில் தீ சேரும். ஆனால் ஒயரிங்கில் கைவைத்துப் பொருத்திய சூடாக்கி, காற்று வரும் சீட் போன்றவற்றை முன்கூட்டியே சொல்லி ஐ.எம்.டி. 24 என்ற இணைப்பில் சேர்த்திருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், கிளெய்ம் வரும்போது முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அப்படிப் பொருத்தும்போது சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக்குடையது, வெளி ஆளைத் தொட விடாதீர்கள். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற கேபிளும் அப்படித்தான், அது உயர் அழுத்தம்.

சிகரெட் லைட்டர் துளை சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்வது சுலபம்: வண்டியை அணைத்துவிட்டு போன் சார்ஜர் செருகிப் பாருங்கள், ஏறுகிறதா என்று. ஏறினால், கல்லங்குறிச்சியில் காரை வெயிலில் நிறுத்திவிட்டுத் தேர் பார்க்கப் போகிற இரண்டு மூன்று மணி நேரமும் அந்த மெத்தை ஆள் இல்லாத காரில் சூடாகிக்கொண்டே இருக்கலாம். இறங்கும்போது பிளக்கை உருவிவிட்டு இறங்குங்கள்.